வீட்டிலேயே பாட்டுப் பதிவு: எந்த மென்பொருள் போதும்?

பாடத் தெரிந்த மகள், கீபோர்டு வாசிக்கும் மகன், மிருதங்கம் கற்ற மாமா என்று இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு தவறாமல் வருகிறது: "நாமே ரெக்கார்ட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" பெரிய ஸ்டுடியோக்களில் புழங்கும் பெயர் ஒன்றை யாராவது சொல்வார்கள். விலையைப் பார்த்து மலைத்துப்போய் அடுத்து திருட்டுப் பிரதியைத் தேடுவார்கள். அதற்குத் தேவையே இல்லை. கணினிக்குள் வைரஸை வரவழைக்கும் அந்தப் பிரதிகளைவிட, நேர்மையான வழியே இன்று மலிவு.

வீட்டுப் பதிவுக்கு வேண்டியது மல்டிட்ராக்: குரலையும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து பிறகு கலப்பது. 1979-ல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பதிவுப் பெட்டி, சாதாரண கேசட்டில் நான்கு தடங்கள் தந்தது. 1982-ல் வெளியான, அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் அப்படியொரு பெட்டியில், வீட்டில் பதிந்ததுதான். இன்று பழைய லேப்டாப்பே அதைவிடப் பல மடங்கு தடங்களைத் தாங்கும். எனவே எத்தனை ட்ராக் என்று பார்த்து வாங்காதீர்கள். தாமதத்தைப் பாருங்கள்.

ஹெட்போனில் சுருதியைக் கேட்டபடி பாடுகிறீர்கள். உங்கள் குரலே சற்றுத் தள்ளிக் காதில் விழுந்தால் தாளம் கைநழுவும். கணினி ஒலியைச் சிறு கட்டுகளாக வாங்கித்தான் கையாள்கிறது. கட்டின் அளவுதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் வைத்தால் ஒரு கட்டுக்கு 3 மில்லிசெகண்ட். 1024 வைத்தால் 23. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை என்று அது இரட்டிப்பாகும்போது, சொற்கட்டு வாசிக்கும் மிருதங்கக்காரருக்கு உடனே உறுத்தும். விண்டோஸில் பதிபவர்கள், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் நிறுவனம் தரும், இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை முதலில் நிறுவ வேண்டும். மென்பொருள் அதற்குப் பிறகுதான்.

ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், அதில் தொடங்குங்கள். ஆடாசிட்டியும் இலவசம்தான். பேச்சு, பாடம், பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கு அருமையானது. கீபோர்டில் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பான மிடியைப் பதிந்து பாட்டு அமைக்க அது ஏற்றதல்ல. லினக்ஸ் பிரியர்களுக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள் இருக்கிறது.

விண்டோஸ்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ரீப்பர். பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்பைத் தந்த ஜஸ்டின் ஃப்ராங்கெல் உருவாக்கியது. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எந்த வசதிக்கும் பூட்டில்லை. பிறகு சொந்த உபயோகத்துக்கு 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்ச் சொச்சம். பெரிய வருமானம் பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான் 225 டாலர். இரண்டும் ஒரே மென்பொருள். ஒரு குறை: கருவி ஒலிகளின் களஞ்சியம் உடன் வராது. தம்புரா ஒலியை வேறிடத்திலிருந்து ஒரு தடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நம் இசைக்கு ரீப்பர் எப்படி வளைகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. இத்தகைய மென்பொருள்கள் திறந்ததும் நாலுக்கு நாலு கணக்கில்தான் நிற்கும். மிஸ்ர சாபுவில் பாட்டு என்றால் ரீப்பரில் ஏழுக்கு எட்டு என்று மாற்றி, மெட்ரோனோம் மூன்று, இரண்டு, இரண்டாக அழுத்தித் தட்டும்படி அமைக்கலாம். சரணத்தின் இரண்டாம் வரி மட்டும் பிசகினால் அந்த இடத்தை மட்டும் தேர்ந்து, முன்வரியிலிருந்து பாடி வந்தால், குறித்த இடத்தில் தானே பதியத் தொடங்கித் தானே நிற்கும். முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டாம்.

சுருதி திருத்தும் வசதியும் உண்டு. கர்நாடக இசைக்கு அதைத் தானியங்கியாக விடவே கூடாது. தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் காந்தாரம். மென்பொருளோ அந்த அசைவைப் பிழையென்று எண்ணி, பக்கத்து ஸ்வரங்களில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கமகம் போனபின் ராகம் எங்கே இருக்கும்?

மிச்சப் பணத்தை மைக்குக்கும், காதை முழுதாக மூடும் ஹெட்போனுக்கும் வையுங்கள். ஹெட்போனிலிருந்து கசியும் தாளத் தட்டு குரல் தடத்தில் ஏறிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கலவையை மட்டும் தேர்ந்த பொறியாளரிடம் கொடுப்பதாக இருந்தால், எல்லாத் தடங்களும் பாட்டின் பூஜ்ய விநாடியிலிருந்தே தொடங்கும்படி 24 பிட் வேவ் கோப்புகளாக எடுங்கள். மோனோ தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி. பத்துத் தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு 400 எம்பிக்குள் அடங்கும். அவர் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் பென் டிரைவைச் செருகி, தடங்களை வரிசையாக அடுக்கி உடனே வேலையைத் தொடங்கலாம்.