பல்லை எடுப்பதும் முகத்தின் தோற்றமும்

பொள்ளாச்சியிலிருந்தோ கோபிசெட்டிபாளையத்திலிருந்தோ, பல்லுக்குக் கம்பி கட்டுவதற்காக மகளைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வரும் பெற்றோர் திடுக்கிடும் கட்டம் ஒன்று உண்டு. "நான்கு பற்களை எடுத்துவிட வேண்டும்" என்கிறார் மருத்துவர். சொத்தையில்லாத பல்லை எடுப்பானேன்? எடுத்தால் முகம் ஒட்டிப்போகாதா? இவ்வையம் நியாயமானதே. மருத்துவ உலகமே இதைக் குறித்து நெடுங்காலம் வாதிட்டிருக்கிறது.

இத்துறையின் தந்தை எனப் போற்றப்படும் அமெரிக்கர் எட்வர்டு ஆங்கிள் (1855–1930), இயற்கை தந்த பல் எதையும் எடுக்கலாகாது என்றார். 1911-இல் கால்வின் கேஸ் என்பவர் அதனை மறுத்தும் பயனில்லை. பின்னர் ஆங்கிளிடமே பயின்ற சார்லஸ் ட்வீட், பல் எடுக்காமல் தாம் சீராக்கியோர் பலருக்கு உதடுகள் துருத்தி நிற்பதையும், வரிசை மீண்டும் கலைவதையும் கண்டார். அவர்களுக்கே முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மறுபடியும் சிகிச்சை செய்தார். ஆசிரியர் வாக்கை அனுபவத்தால் மறுத்த துணிவு பெரிதன்றோ!

முன்கடைவாய்ப் பல் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனை எடுத்தவுடன் முகம் மாறிவிடுவதில்லை. அவ்விடம் எவ்வாறு செலவாகிறது என்பதே வினா. பற்கள் நெருக்கியடித்து நின்றால், அவற்றை வரிசைப்படுத்தவே பெரும்பகுதி போய்விடும். பின்பற்கள் முன்னே நகர்ந்தும் சிறிது கொள்ளும். எஞ்சிய இடத்தில்தான் முன்பற்கள் பின்வாங்கும். உதடும் அவற்றைத் தொடரும், ஆனால் அதே அளவிற்கன்று. தடித்த உதடு குறைவாகவே நகரும்.

ஆங்கிள் அழகுக்கு அளவுகோலாகக் கொண்டது அப்போலோ தேவனின் பழஞ்சிலையை. நம் மக்களின் முகத்துக்கு அது பொருந்துமா? தென்னிந்தியர் பலருக்கு இரு பல் வரிசைகளும் சற்று முன்தள்ளி அமைவது இயல்பு. வாய் மூட உதட்டை வலிந்து இழுக்க வேண்டியிருந்தால், பல்லெடுப்பது முகத்துக்கு நன்மையே செய்யும். மாறாக, மூக்கும் மோவாயும் எடுப்பாக, உதடு மெலிந்திருப்பவருக்கு முன்பற்களை மிகவும் பின்னிழுத்தால் வாய் உள்வாங்கித் தோன்றும்.

ஆகவே பல்லின் அச்சை மட்டும் பார்த்து முடிவு செய்தல் போதாது. 1931 முதல் வழக்கிலுள்ள பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயும், உதடுகள் தளர்ந்திருக்கும் நிலையும் வேண்டும். பெற்றோரும் "முன்பற்கள் எவ்வளவு பின்செல்லும்?" என்று கேட்கலாம். பதினான்கு வயதில் எடுத்த பல் மீண்டும் முளைப்பதில்லை; வயது ஏற ஏற உதடோ தானாகவே மெலியும்.