தண்டாலும் தகுதித் தேர்வும்

உடலை வலுப்படுத்தும் பயிற்சிகளுள் தண்டாலைப் போல எளியது வேறொன்று இல்லை. அதற்குக் கருவி வேண்டா, கூடம் வேண்டா, ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். 'தண்டால், பஸ்கி' என்று இணைத்தே வழங்கும் இச்சொற்களை நம் ஊர்ப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். வடநாட்டு மல்லர்கள் இவற்றைத் 'தண்ட்', 'பைடக்' என்பார்கள். படையில் சேர விரும்பும் இன்றைய இளைஞர்களோ தண்டாலைப் 'புஷ்-அப்' என்கிறார்கள். முறைகளில் சிறு வேறுபாடு உண்டு. மல்லர்களின் தண்டாலில் உடல் வில்லைப் போல வளைந்து எழும். படைத் தேர்வுக்குரிய தண்டாலில் உடல் பலகையைப் போல நேராக நிற்க வேண்டும். இரண்டு கைகளாலும் நிலத்தைத் தள்ளி உடலை உயர்த்துவது இரண்டிற்கும் பொது.

இத்துணை எளிய பயிற்சிக்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று நீங்கள் ஐயுறலாம். வேண்டும் என்பதே என் எண்ணம். எளியதென்று கருதுவதனாலேயே இதனை முறையின்றிச் செய்து, தோளைக் கெடுத்துக்கொண்டு, தேர்வு நாளன்று தளர்ந்துவிடும் இளைஞர் பலரை நான் கண்டிருக்கிறேன். தண்டாலில் முன்னேறுவதற்கு வேண்டுவது முரட்டு உழைப்பன்று, அளவறிந்த உழைப்பு. இதனையே இன்று விளக்க முற்படுகிறேன்.

நான் உடற்பயிற்சி ஆசிரியனாக வாழ்ந்துவரும் பகுதி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிநீரையும் நெல்வயலையும் நம்பியிருந்த ஊர்கள் இவை. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்தது. 2010-ஆம் ஆண்டை ஒட்டி ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் கூடுகின்ற இடத்தில், ஷிப்டு மாறும் வேளையில் நின்று பார்த்தால், கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்குவோர் பெரும்பாலும் இளைஞர்களாகவே இருப்பதைக் காணலாம். தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அவர்களுள் சிலருடைய உள்ளத்தில் படைவீரராகும் விருப்பம் குடிகொண்டிருக்கிறது.

அவ்விருப்பத்திற்கு ஊக்கம் தரும் இடங்களும் அருகிலேயே இருக்கின்றன. தாம்பரத்தில் விமானப்படை நிலையம் உள்ளது. பரங்கிமலையில், சீனப் போருக்குப் பின் 1963-இல் தொடங்கப்பெற்ற படை அதிகாரிகள் பயிற்சிக்கழகம் உள்ளது. 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெற்று அதிகாரிகளாக வெளிவருகிறார்கள்.

இனி, தேர்வு என்ன கேட்கிறது என்பதைக் காண்போம். விமானப்படையின் அக்னிவீர் தேர்வு அறிவிப்புகளில் ஆண்களுக்குக் கூறப்பெற்றது இது: முதலில் 1.6 கிலோமீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். பின்னர் 1 நிமிடத்தில் 10 தண்டால், 1 நிமிடத்தில் 10 முறை படுத்தெழுதல், 1 நிமிடத்தில் 20 பஸ்கி. தரைப்படையின் ஆள்சேர்ப்பு முகாம்களில் தண்டாலுக்கு மாறாக, உயரத்திலுள்ள கம்பியைப் பற்றி உடலை மேலே இழுக்கச் சொல்வார்கள். 10 முறை இழுத்தவருக்கு 40 மதிப்பெண்; 6 முறை மட்டும் இழுத்தவருக்கு 16. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒவ்வொருவரும் தாமே படித்துக்கொள்ள வேண்டும்.

பத்துத் தண்டால்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தும் ஓட்டத்திற்குப் பின் வருகின்றன என்பதை மறக்கலாகாது. மூச்சு முற்றும் அடங்காத நிலையில், புதிய இடத்தில், அயலார் முன்னிலையில் அவற்றைச் செய்ய வேண்டும். அன்றியும், தேர்வாளர் முழுத் தண்டாலை மட்டுமே எண்ணுவார். அரைத் தண்டால் கணக்கில் சேராது. அமெரிக்கத் தரைப்படையில் 1980 முதல் நெடுங்காலம் 2 நிமிடத்தில் எத்தனை தண்டால் என்று எண்ணிவந்தார்கள். இப்போது அங்கே ஒவ்வொரு முறையும் மார்பு தரையைத் தொட்டபின் இரு கைகளையும் தரையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டே எழ வேண்டும். பாதி வழியில் திரும்புவோருக்கு அதில் இடமே இல்லை.

வயதும் காத்திருப்பதில்லை. அக்னிபாத் திட்டம் 2022-இல் வந்தபோது சேர்க்கை வயது 17½ முதல் 21 வரை என வகுக்கப்பெற்றது. பள்ளிப் படிப்போ தொழிற்பயிற்சியோ முடித்து ஆலையில் ஓராண்டு கழித்தவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டொரு வாய்ப்புகளே. அவற்றுள் ஒன்றைத் தோள்வலிக்குப் பலிகொடுப்பது பெரிய இழப்பன்றோ?

தண்டாலின் இயக்கத்தை அறிய நீங்கள் பள்ளியில் படித்த நெம்புகோலை நினைவுகொள்ளுங்கள். கால்விரல்கள் ஊன்றுபுள்ளி, உடலின் எடை நடுவில், அதனை உயர்த்தும் விசை கைகளில். ஒற்றைச் சக்கரக் கைவண்டியைத் தள்ளும்போது நிகழ்வதும் இதுவே. இந்நிலையில் உடலின் எடை முழுவதும் கைகளில் இறங்குவதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு தண்டாலிலும் 40 கிலோ அளவுக்குத் தள்ளுகிறார் என்று கொள்ளலாம். முழங்கால்களைத் தரையில் ஊன்றினால் அது ஏறக்குறையப் பாதி எடையாகக் குறையும். கைகளை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையின்மீது ஊன்றினால் இன்னும் குறைந்து 25 கிலோ அளவில் நிற்கும். மாறாகக் கால்களை உயர்த்தி வைத்தால் சுமை கூடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. இரும்புக் குண்டுகள் இல்லாமலே சுமையைக் கூட்டவும் குறைக்கவும் நம்மால் இயலும். ஒரு முழுத் தண்டாலும் எடுக்க இயலாதவர் சுவரிலிருந்து தொடங்கலாம். பிறகு பெஞ்சு, பிறகு மாடிப்படியின் கீழ்ப்படி, அதன்பின் தரை. முழங்கால் ஊன்றிச் செய்வதைப் 'பெண்கள் தண்டால்' என்று சிலர் ஏளனமாகக் கூறுவதுண்டு. அது பேதைமை. ஏணியின் முதற்படிக்கு ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு ஏது?

செய்யும் முறையும் திருத்தமாக இருத்தல் வேண்டும். உள்ளங்கைகளைத் தோளகலத்தைவிடச் சற்றே அகலமாக ஊன்றுங்கள். விரல்கள் முன்னோக்கி இருக்கட்டும். தலை, முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய யாவும் ஒரே கோட்டில் நிற்க, வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொள்ளுங்கள். முழங்கைகளைச் சிறகுபோல் விரிக்காமல், விலாவுக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வைத்துக்கொண்டு, மார்பு தரையை நெருங்கும் வரை இறங்குங்கள். பிறகு கைகள் நேராகும் வரை எழுங்கள். இறங்கும்போது மூச்சை உள்ளே இழுத்து, எழும்போது வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் இரத்த அழுத்தம் உயரும். இடுப்பு தொய்ந்துவிட்டால் அன்றைய வரிசை அங்கேயே முடிந்தது எனக் கொள்ளுங்கள். தண்டால் கைக்கும் மார்புக்கும் மட்டும் உரியதன்று. நடுவுடலின் உறுதியும் அதில் சோதிக்கப்படுகிறது.

இளைஞர் பலர், கைகள் மடங்கித் தரையில் விழும் வரை நாள்தோறும் செய்தால்தான் பலம் வரும் என்று நம்புகிறார்கள். புகழ்பெற்ற மல்லர் காமா நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தண்டால் எடுத்தார் என்ற செய்தியும் அவர்களுக்கு முன்மாதிரியாகிறது. காமா இளம்பருவத்திலிருந்தே மற்போரையே வாழ்வாகக் கொண்டவர். எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்தவர் அல்லர். பயிற்சியின் முதற்சில வாரங்களில் வலிமை கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தசை பருப்பதன்று. தசையிழைகளை ஒருங்கே ஏவுவதற்கு நரம்புகள் பழகிக்கொள்வதேயாகும். களைத்துத் தடுமாறும் உடல் எதனைப் பழகும்? தடுமாற்றத்தையே பழகும். தசையோ பயிற்சியின்போது வளர்வதில்லை. பயிற்சிக்குப் பின் கிடைக்கும் ஓய்விலும் உணவிலும் உறக்கத்திலும்தான் வளர்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோ நகரில் இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம் என்னும் மருத்துவர், காயமுற்ற வீரர்களின் மெலிந்த தசைகளை மீட்பதற்கு ஒரு முறையை வகுத்து 1945-இல் வெளியிட்டார். முதலில் ஒவ்வொருவரின் ஆற்றலையும் அளந்தறிவது, அதற்கேற்ற சுமையைக் கொடுப்பது, வலிமை கூடக்கூடச் சுமையையும் கூட்டுவது என்பதே அதன் கருத்து. தண்டாலுக்கும் இது பொருந்தும்.

முதல் நாள், திருத்தமான தண்டால் எத்தனை உங்களால் இயலும் என்று ஒரு நண்பரை எண்ணச் சொல்லுங்கள். எட்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி நான்கு. நான்கு எடுத்து, 2 நிமிடம் ஓய்ந்து, மறுபடியும் நான்கு. இவ்வாறு ஐந்து அல்லது ஆறு வரிசைகள். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்று நாள் போதும். எளிதாகும்போது வரிசைக்கு ஒன்று கூட்டுங்கள். நான்கு வாரத்திற்கு ஒருமுறை மீண்டும் உச்ச அளவை எண்ணிப் பார்த்துப் புதிய பாதியைக் கணக்கிடுங்கள். தேர்வு பத்துக் கேட்டால், ஓய்ந்த உடலோடு இருபது எடுக்கும் நிலையை அடைவது நலம். அப்போதுதான் ஓட்டத்திற்குப் பின்னும் பத்து எஞ்சும். கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை 1.6 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் தண்டால் எடுத்துப் பழகுங்கள். ஒன்றுக்கு 3 விநாடி என்றாலும் பத்துக்கு 30 விநாடியே ஆகும், பதற்றம் வேண்டா. தள்ளும் பயிற்சியோடு கம்பியில் இழுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் தோள்கள் முன்னோக்கிக் கூனாமல் சமநிலை பெறும். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளும் கைகளுக்கு முழு ஓய்வு கொடுங்கள்.

என்னிடம் வந்த இளைஞர் ஒருவரைப் பற்றி இங்கே கூறுவது பொருந்தும். வயது இருபது. வண்டியின் அடியில் நின்று, தலைக்குமேல் கைகளை உயர்த்தித் திருகாணி முடுக்குவது அவருடைய வேலை. ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பியதும் நாள்தோறும் நூறு தண்டால் எடுத்துவந்தார். வலத்தோள் இரவில் குத்திற்று. நான் எண்ணியபோது திருத்தமானவை ஆறே இருந்தன. "சார், நூறு ஆறாகிவிட்டதே!" என்று அவர் முகம் வாடினார். மருத்துவரிடம் காட்டி, இரண்டு வாரம் தோளுக்கு ஓய்வு கொடுத்தார். பிறகு பெஞ்சின்மேல் கை ஊன்றித் தொடங்கினார். வேலையில் ஏற்கெனவே தோள் களைத்துவிடுவதால், பயிற்சியை ஷிப்டுக்கு முன்பாக மாற்றிக்கொண்டார். இரவு ஷிப்டு வாரத்தில் வரிசைகளைப் பாதியாக்கி, பகலுறக்கத்தைக் குறைக்காமல் காத்தார். பன்னிரண்டாம் வாரத்தில் ஒரே மூச்சில் இருபத்திரண்டு எடுத்தார். தகுதித் தேர்வில் தண்டால் அவருக்குத் தடையாக இல்லை. எனினும் பின்னர் நடந்த மருத்துவச் சோதனையில் பார்வைக் குறையால் அவர் தேர்வு பெறவில்லை. முயற்சி எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் என்று உங்களிடம் கூறுவது நேர்மையாகாது. ஆனால் நம் கையில் உள்ள கதவை நாமே அடைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அவருடைய தோள் இன்று வலியின்றி இருக்கிறது. அறைத்தோழர் மூவருக்கு அவரே பயிற்சி அளிக்கிறார்.

வலியிலும் இருவகை உண்டு. புதிய பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் தசை கனத்து நோவது இயல்பு, தானே தீரும். மூட்டில் குத்தும் வலியோ, பயிற்சியின்போது நெஞ்சில் தோன்றும் வலியோ அத்தகையதன்று. உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். மணிக்கட்டு நோவுற்றால் கைமுட்டியை ஊன்றிச் செய்து பார்க்கலாம். உணவுக்குப் பொடியும் மருந்தும் தேட வேண்டுவதில்லை. நிலக்கடலை, சுண்டல், பருப்பு, முட்டை, பால் இவற்றுள் இயன்றவை போதும். கோடையில் வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்து, வேண்டிய அளவு நீர் அருந்துங்கள்.

மாணவ நண்பர்களே, படையில் சேர விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இப்பயிற்சி உங்களுக்கு உதவும். நாளைக் காலை உங்கள் எண் எதுவென்று கண்டறிந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அது மூன்றாக இருந்தாலும் நாண வேண்டா. அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.