மூலை மேசையிலிருந்து தீர்ப்பு வரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சமூகப்பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துப் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்றால், "எந்தப் பாடம் எடுக்கிறீங்க?" என்றுதான் கேட்பார்கள். சென்னைச் சமூகப்பணிக் கல்லூரி 1952இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் படிப்புக்கென்று பள்ளிகளில் ஓர் இடம் இல்லை. எனக்கு நூலகத்தின் மூலையில் ஒரு மேசை கிடைத்தது.

அடித்துப் பார்த்து, முட்டி போட வைத்துப் பார்த்து, டி.சி. எழுதுவதற்கு முன் கடைசியாகத்தான் பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார்கள். அடிக்கடி மயங்கி விழும் பெண்ணின் கையில் தாயத்து இருக்கும். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொன்னால், "என் பொண்ணைக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றீங்களா?" என்று தாய் எழுந்துவிடுவார்.

அந்த நாளில் என் வேலையே மாலையில்தான் தொடங்கும். வீடு தேடிப் போவேன். வகுப்பில் தூங்கி வழிகிற பையன் விடியற்காலையில் அப்பாவோடு சந்தையில் மூட்டை இறக்குகிறான் என்பது அங்கேதான் தெரியும். யாரிடமும் பேசாத பெண், குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து தங்கையை அணைத்தபடி இரவெல்லாம் விழித்திருப்பாள். மறுநாள் வகுப்பாசிரியரிடம் இதைச் சொன்னால் அவர் முகமே மாறிவிடும். ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 2003இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகளிலிருந்து பிரம்படி போனது. கல்வி உரிமைச் சட்டம் மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. போக்சோ சட்டம் வந்த 2012க்குப் பிறகு, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை மூடி மறைப்பதே குற்றமானது. 2017இல் அரசுத் தேர்வு முடிவுகளில் ரேங்க் பட்டியல் நின்றது. என் அனுபவத்தில், மே மாதத்தின் பதற்றத்தை அதைப்போல் குறைத்தது வேறில்லை. இன்று 14417 என்ற உதவி எண்ணுக்கு மாணவர்கள் பேசலாம். மனநல உதவிக்கு 14416 இருக்கிறது.

பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். "மிஸ், எனக்கு ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, பேசணும்" என்று தாங்களாகவே வருகிறார்கள். அன்று இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணத்தையொட்டி, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எங்கள் பணியின் பெயரை அந்தத் தீர்ப்பில் படித்தபோது கண் கலங்கியது.

எனக்கு ஒரு கவலைதான். இப்போது தனி அறை, கணினி, மாதாந்தர அறிக்கை எல்லாம் உண்டு. வீடு தேடிப் போவது மட்டும் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. அறைக்குள் பிள்ளை சொல்வது பாதிதான். மீதி அதன் வீட்டில் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்ததும், உங்கள் பள்ளியில் ஆலோசகரோ சமூகப்பணியாளரோ ஒருவர் இருக்கிறாரா, அவர் வீடுகளுக்குப் போகிறாரா என்று கேளுங்கள்.