கணக்கு வராது என்று யார் சொன்னது?

க.பொ.த. சாதாரண தரத்தோடு கணிதப் புத்தகத்தை மூடிவைத்தவள் நான். உயர்தரத்தில் கலைப்பிரிவு, படித்ததெல்லாம் தமிழ்மொழி மூலம். பட்டம் பெற்றபின், நான் விரும்பிய வெளிநாட்டுப் பட்டப்பின்படிப்புக்கு ஜீ.ஆர்.ஈ. பரீட்சை தேவை என்றார்கள். அதில் கணிதமும் உண்டென்றதும் நெஞ்சு படபடத்தது.

பாடப்பரப்பைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுகள். பெரும்பாலும் பதினோராம் தரம்வரை நாம் படித்தவையே. நுண்கணிதம் இல்லை, திரிகோணகணிதமும் இல்லை. 2023 செப்டெம்பர் முதல் 27 வினாக்கள், 47 நிமிடங்கள். திரையிலேயே கணிகருவி உண்டு. புள்ளி 130 முதல் 170 வரை. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாது. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது.

அப்படியானால் கடினம் எங்கே? முதலாவது, மொழி. முதன்மை எண் 'பிரைம்', நிறைவெண் 'இன்டிஜர்', இடையம் 'மீடியன்'. ஒரு கொப்பியில் இருமொழியிலும் எழுதிப் பழகினேன்.

இரண்டாவது, அவசரம். ஓர் எண், அதன் வர்க்கம்: எது பெரிது? "வர்க்கம்" என்றேன். 3இன் வர்க்கம் 9, சரி. 1 என்றால் இரண்டும் சமம். அரை என்றால் வர்க்கம் கால், சிறிது! ஆகவே 'தீர்மானிக்க முடியாது' என்பதே விடை. இத்தகைய வினாவில் பூச்சியம், ஒன்று, பின்னம், மறை எண் ஆகியவற்றை வைத்துப் பாருங்கள்.

ஒருநாள் தோட்டத்துத் தோழி ஒருத்தியிடம் கேட்டேன்: "ஐந்து நாள் பறித்த கொழுந்தின் சராசரி 18 கிலோ. ஆறு நாள் சராசரி 19 ஆக, ஆறாம் நாள் எவ்வளவு பறிக்க வேண்டும்?" நான் சமன்பாடு எழுதுமுன்னே "24" என்றாள். "அஞ்சு நாளைக்கும் ஒவ்வொரு கிலோ குறையுது. அந்த அஞ்சையும் இன்னைக்கு 19ஓட சேர்க்கணும். அம்மாவோட கொழுந்துக் கணக்கை நான்தானே பார்க்கிறேன்!"

"நீயும் எழுதேன்" என்றேன். "எனக்குக் கணக்கு வராது" என்றாள்.

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. பெற்றோரே, ஒரு பரீட்சைப் பெறுபேற்றை வைத்து மகளுக்கு இந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தங்கைகளே, பரீட்சையை நடத்தும் ஈ.டீ.எஸ். நிறுவனம் இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை ஆரம்பத்தில் செய்து குறையை அறியுங்கள். மற்றதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தினமும் ஒரு மணித்தியாலம், பழைய பதினோராம் தரப் புத்தகத்தோடு.