கணினிக்கு ஏன் இத்தனை சுமை?

சென்ற விடுமுறையில் ஓர்ஸ் ஹில்லிலுள்ள எமது இல்லத்தில், பழைய தமிழ் வினாத்தாள்களைப் புதிய கணினியிலே திறக்க முற்பட்டோம். "அம்மா" என்றிருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஆங்கிலக் குறிகள் நின்றன! பாமினி என்னும் எழுத்துரு அக்கணினியில் இல்லாமையே காரணம். ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு அது.

"சேர், பழசு எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சால் என்ன? கணினியும் இலேசாகுமே" என்றார் உடனிருந்த மாணவர்.

நல்ல கேள்விதான். யூனிக்கோட்டின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. 1999இல் தமிழ்நாட்டரசு வேறு இரு குறியேற்றங்களை ஏற்றது. 2010இல் இன்னுமொன்றைச் சேர்த்தது. புதியது வந்ததும் பழையது மறையவில்லை. ஒன்றை மற்றொன்றாக்கும் மாற்றிகளே பெருகின.

யூனிக்கோட்டின் உள்ளேயும் இக்கதைதான். "கொ" என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பும் அரவுமாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. அவை ஒன்றென்று மென்பொருளுக்குத் தனியே கற்பிக்க வேண்டும். ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நீக்குவதில்லை என்பது யூனிக்கோட்டின் உறுதிமொழி. நீக்கினால் எழுதிவைத்த ஏடுகள் குழம்பும்.

பிழைகளுக்கும் இவ்வாறே நிரந்தர வாழ்வு கிடைத்துவிடுகிறது. 1900 லீப் ஆண்டன்று. ஆயினும் லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருள் அதனை லீப் ஆண்டாகக் கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போகும் பொருட்டு எக்செல்லும் அறிந்தே அப்பிழையை மேற்கொண்டது. இல்லாத 1900 பெப்ரவரி 29ஐ இன்றும் எண்ணிவருகிறது!

எல்லாப் பருமனும் இவ்வகை அன்று. கணினிகள் விரைவுபெறும் வேகத்தைவிட மென்பொருள்கள் மந்தமாகும் வேகமே மிகுதி என்று சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே குறைபட்டார். ஆராயாமற் சேர்க்கும் வசதிகளையும், அவசர அவசரமாக வெளியிடுவதையும் அவர் கடிந்தார். அக்கண்டனம் நியாயமே. ஆனால் அவசரத்தில் சேர்த்ததையும் எவரோ ஒருவர் நம்பிப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறாரே! அவர் யாரென்று எழுதியவருக்கே தெரியாது. எதைக் கழிப்பது?

பாமினியைத் தேடியெடுத்துக் கணினியிற் சேர்த்தோம். திரையில் "அம்மா" வந்துவிட்டாள்.

"இனி இதை யூனிக்கோட்டுக்கு மாத்திப்போட்டு, பாமினியை அழிச்சுவிடட்டுமா, சேர்?"

அலுமாரியில் இன்னும் திறந்து பாராத இறுவட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன.

"இப்போதைக்கு இருக்கட்டும், தம்பி" என்றோம்.