ஆணைத் தேய்மானம்: விண்டோஸ் பதிப்புகளும் ஒரு தறி ஊரும்

1

பழசு என்பது யந்திரத்தின் பண்பா, யந்திரத்தைச் சுற்றியுள்ள உறவுகளின் பண்பா என்ற கேள்வியை 2025 அக்டோபர் 14 நம் மேசைக்கே கொண்டுவந்து வைத்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஒட்டுகள் அன்றோடு நின்றன. முதல்நாள் ஓடிய கணிப்பொறி மறுநாளும் ஓடியது. திரை மங்கவில்லை, ஒரு விசைகூடத் தேயவில்லை. ஆனாலும் அது ‘பழசு’ ஆகிவிட்டது.

கரூருக்கும் காங்கயத்துக்கும் நடுவிலிருக்கும் வெள்ளகோவிலில் யந்திரத்தின் ஆயுளைப் பற்றி ஏற்கெனவே ஒரு அறிவு புழங்கிவருகிறது. அது தறி ஊர். நாடா போட்டு ஓடும் சாதாரண விசைத்தறி பல பத்தாண்டுகள் ஓடும். பல்சக்கரம் தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். ஃபிட்டருக்குச் சொல்லியனுப்பினால் வந்து பார்ப்பார். ‘ஓடற வரைக்கும் ஓடட்டுமுங்க’ என்பதுதான் இங்கே கோட்பாடு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக்கும் ஓ.இ. மில்கள் உள்ள வட்டாரம் இது. ‘வேஸ்ட்’ என்ற சொல்லே இங்கே கச்சாப்பொருளைத்தான் குறிக்கிறது. ஆனால் அதே தறிக்குடோனின் முன்னறையில் பில் போடும் கணிப்பொறி கெட்டுப்போகாமலே காலாவதியாகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு நியாயங்கள் எப்படி வந்தன?

2

யந்திரத்தின் தேய்மானத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று பௌதிகத் தேய்மானம்: உபயோகத்தால் உராய்ந்து தேய்வது, சும்மா கிடந்து துருப்பிடிப்பது. மற்றது மதிப்புத் தேய்மானம்: அதே யந்திரம் மலிவாகக் கிடைக்கும்போதோ, அதைவிடச் சிறந்தது போட்டிக்கு வரும்போதோ, தேயாத யந்திரமும் மதிப்பிழப்பது. சாதாரணத் தறியின் பக்கத்தில் நாடா இல்லாத தறி வந்து நிற்பது இரண்டாவது வகை. வலி மிகுந்ததுதான் என்றாலும் அங்கே பழைய தறிக்காரனுக்கு ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது. குறைந்த லாபத்தில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவன் தறியை நிறுத்த எவராலும் தூரத்திலிருந்து உத்தரவு போட முடியாது.

இயங்குதளத்தில் நாம் பார்ப்பது மூன்றாவது வகை. யந்திரம் தேயவில்லை. புதியது பில் போடும் வேலையில் பழையதைத் தோற்கடிக்கவும் இல்லை. உற்பத்தியாளர் ஒரு தேதியை அறிவிக்கிறார், அன்றிலிருந்து அது பழசு. இதை ஆணைத் தேய்மானம் என்று அழைக்கலாம். வாங்கியவர் பொருளுக்கு உடைமையாளர் அல்ல, உரிமம் பெற்ற குத்தகைதாரர் மட்டுமே என்ற சட்ட உறவிலிருந்து இது பிறக்கிறது. மூலநிரல் மூடப்பட்டிருப்பதால் உள்ளூர் ஃபிட்டருக்கு இங்கே வேலையே இல்லை.

3

பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது, அதன் பராமரிப்பு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில், முடிந்தது 2020 ஜனவரி 14இல். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். இதுவே கடைசி விண்டோஸ், இனிப் புதுப்பித்தல்கள் மட்டுமே என்று அந்நிறுவன ஊழியர் ஒருவர் அதே ஆண்டு மேடையில் சொன்னார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்துவிட்டது.

குறைந்தபட்ச நினைவகத் தேவையை மட்டும் பாருங்கள். எக்ஸ்பிக்கு 64 எம்பி, விண்டோஸ் 7க்கு 1 ஜிபி, விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. இருபதாண்டுகளில் 64 மடங்கு. பில்லில் இருக்கும் கட்டங்களோ அதேதான். இந்த வளர்ச்சி முழுவதும் வீண் என்று சொல்லவரவில்லை. எக்ஸ்பி காலத்தில் எந்த நிரலும் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுவது சகஜம், 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து அதற்குத் தடுப்பு வந்தது. நினைவகத்தை நிரல்களிடமிருந்து காக்கும் ஏற்பாடுகள் பதிப்புக்குப் பதிப்பு பலப்பட்டன. இவை உண்மையான மேம்பாடுகள்.

விண்டோஸ் 11இல் சிக்கல் வேறு. அது கேட்பது நினைவகத்தை மட்டுமல்ல. சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பட்டியலிட்ட செயலிகளில் ஒன்று வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. 2016இல் வாங்கிய கணிப்பொறியில் 16 ஜிபி நினைவகம் இருந்தாலும் அது பட்டியலுக்கு வெளியே. 32 பிட் பதிப்பே கிடையாது. கானலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில், இந்த மாற்றத்தால் உலகில் ஏறத்தாழ 24 கோடிக் கணிப்பொறிகள் கழிவாகக்கூடும் என்று மதிப்பிட்டது. பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்த்து இந்தத் தடையைத் தாண்டலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணிப்பொறிக்குப் புதுப்பித்தல்கள் தொடரும் என்று நிறுவனம் உத்தரவாதம் தரவில்லை. ‘சும்மா ஏத்திக் குடுத்தர்லாமுங்க’ என்று சொல்லும் கடைக்காரர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

தேதிக்குப் பிறகும் ஒட்டு வேண்டுமென்றால் காசு. வீட்டுப் பயனாளருக்கு 2026 அக்டோபர் 13 வரையிலான ஓராண்டுக்கு 30 டாலர், அல்லது நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதன் கிடங்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். வணிக நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கணிப்பொறிக்கு 61 டாலர், ஆண்டுக்காண்டு இரட்டிப்பு, மூன்றாண்டு வரை. ஆக, ஒட்டு தயாரிப்பது இயலாத காரியம் அல்ல. தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

4

இங்கே ஒரு எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ‘தறியை எவனும் தூரத்திலிருந்து உடைக்க முடியாது, கணிப்பொறியை உடைக்கலாமே?’ சரி. 2017 மே 12இல் பரவிய வான்னாக்ரை உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகக் கணிப்பொறிகளும் அதில் மாட்டின. பராமரிக்கப்பட்ட பதிப்புகளுக்கு மார்ச் மாதமே ஒட்டு வந்திருந்தது. அதைப் போடாதவர்கள் அடிபட்டார்கள். ஒட்டுப் போடாத இயங்குதளம் ஆபத்து என்பது வியாபாரப் பயமுறுத்தல் அல்ல.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பராமரிப்பு முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கு உடனடியாக ஒரு ஒட்டு பொதுவில் வெளியிடப்பட்டது. அவசரம் வந்தபோது ‘முடியாது’ என்பது ‘முடியும்’ ஆனது. அந்த ஆபத்து உண்மையானது. அதற்கான மருந்தைத் தயாரிக்கும் உரிமை ஒரே கையில் இருப்பதுதான் அரசியல்.

இன்னொன்று: இந்த ஆணை நேராக வந்து கதவைத் தட்டுவதில்லை, சங்கிலியாக வருகிறது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. கணக்கு மென்பொருளின் புதுப் பதிப்பு வேண்டும், இணையதளம் திறக்கப் புது உலாவி வேண்டும். குரோம் உலாவி 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. உலாவி இயங்குதளத்தை இழுக்கிறது, இயங்குதளம் செயலியை இழுக்கிறது, செயலி தாய்ப்பலகையை இழுக்கிறது. வரி கட்டுவது குடிமகனின் கடமை. அதற்கு எந்த நிறுவனத்தின் எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்பதும் கடமையில் சேர்ந்துவிடுகிறது. கூலிக்கு நெய்யும் நாலு தறிக்காரர் வரை இந்தச் சங்கிலி வந்து சேர்கிறது.

5

சிறுபத்திரிகை வாசகர் ‘இதெல்லாம் கம்பெனிக்காரன் பாடு’ என்று ஒதுங்க முடியாது. நம் சொந்தப் பிரதிகளும் இதில் மாட்டியுள்ளன.

1990களிலும் அதற்குப் பின்னும் தமிழில் கணிப்பொறியில் அச்சுக்கோத்த பக்கங்கள் பெரும்பாலும் 8 பிட் எழுத்துருக்களில் இருந்தன. ஆங்கில எழுத்துக்கான எண்ணிடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த ஏற்பாடு அது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியாக்கம். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களை அங்கீகரித்தது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. தமிழ் 1991இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸில் அதற்கு ஆதரவு வந்தது லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000இல்தான். எக்ஸ்பியில்கூடத் தமிழ் ஒழுங்காகத் தெரிய, குறுந்தகட்டைப் போட்டுத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. அதுவரை கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ஆகவே தமிழைப் பொறுத்தவரை மேலேறுதல் ஒரே சமயத்தில் விடுதலையாகவும் அழிப்பாகவும் இருந்திருக்கிறது. ஒருங்குறி ஆதரவு புதிய பதிப்புகளின் கொடை. தமிழில் தேடவும், பகிரவும், பாதுகாக்கவும் அது வழிசெய்தது. அதே புதிய பதிப்புகளில் பழைய அச்சுக்கோப்பு மென்பொருள் திறக்காது. அதன் பூட்டான டாங்கிளைச் செருகப் பழைய துறை இருக்காது. டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடா. இதழின் தாள் பிரதி நூலகத்தில் செல்லரிக்காமல் இருக்கலாம். கோப்புப் பிரதி குறுந்தகட்டில் முழுசாக இருந்தும் வாசிக்கமுடியாமல் போகலாம். இந்த வகை மௌனத்தை உண்டாக்கத் தணிக்கைக்காரர் தேவையில்லை.

6

மாற்று இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சொர்க்கம் அல்ல. லினக்ஸும் வயதாகிறது. 1985இல் வந்த 386 செயலிக்கான ஆதரவை லினக்ஸ் கருநிரல் 2012இல் நீக்கியது. டெபியன் 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் பழைய கணிப்பொறிகளுக்கான நிறுவல் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே கைவிடுதல் பூட்டுப்போடுதல் ஆகாது. மூலநிரல் வெளியில் இருக்கிறது. விருப்பமும் அறிவும் உள்ள ஒரு குழு அதைத் தூக்கிச் சுமக்கலாம். தறிக்கும் ஃபிட்டருக்கும் உள்ள உறவு இதுதான்.

கேரளத்தில் இது ஒரு மக்கள் பிரச்சினையாகவே எழுப்பப்பட்டது. பள்ளிக் கணிப்பொறிப் பாடத்தை ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்குப் பயிற்சியாக்குவதை அங்கே ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. பள்ளிகள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. ஆனால் இங்கே அது வட்டில் கிடந்ததே தவிர, அதைச் சுற்றி ஒரு இயக்கம் எழவில்லை. மென்பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, பயன்படுத்துவோரின் சமூகம் வேண்டும் என்பதே இரண்டு மாநிலங்களையும் ஒப்பிட்டால் கிடைக்கும் பாடம்.

7

நடைமுறையில் என்ன செய்வது?

முதலில் வேலையைப் பிரியுங்கள். வங்கி, வரி போன்று இணையத்தில் பணம் புழங்கும் கணிப்பொறி பராமரிப்பு உள்ள இயங்குதளத்தில்தான் இருக்க வேண்டும். இதில் வீம்பு வேண்டாம். எழுத, படிக்க, மின்னஞ்சல் பார்க்க மட்டும் என்றால் பழைய பெட்டியில் ஒரு லினக்ஸ் நன்றாகவே ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றலாம். கணக்கு மென்பொருளும், மின்கையொப்ப டோக்கனும் அதில் வேலை செய்யுமா என்று பார்க்காமல் மாறாதீர்கள். பழைய எம்பிராய்டரி யந்திரத்தையோ பழைய அச்சுக்கோப்புகளையோ திறக்கும் கணிப்பொறியை அப்படியே வைத்து, இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

இரண்டாவது, இருந்த இடத்திலேயே மேலேற்றுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதும் வேறுவேறு. முன்னதில் கோப்பும் நிரலும் தங்கும், பின்னதில் எல்லாம் போகும். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போவதென்றால் பின்னது ஒன்றே வழி. எதுவானாலும் முதலில் இரண்டு இடங்களில் நகல்.

மூன்றாவது, பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். மாற்றியில் கொம்பும் காலும் இடம்மாறும், மெய்ப்புப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இவை தனிமனிதத் தற்காப்புகள். கோரிக்கை வேறு. மத்திய ஜவுளி அமைச்சகம் சாதாரண விசைத்தறியை இருந்த இடத்திலேயே தரமுயர்த்த மானியம் தந்தது, 2017இல் அது பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தின் அங்கமானது. தறியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. பாவு அறுந்தால், ஊடை அறுந்தால் தானே நிற்கும் அமைப்புகளை அதே தறியில் பொருத்தினார்கள். தறிக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைக் கணிப்பொறிக்கும் கேட்கலாம். பராமரிப்பை நிறுத்தும் நிறுவனம் மூலநிரலைப் பொதுவில் வைக்கட்டும். 1988இல் வந்த எம்எஸ்-டாஸ் 4.00இன் மூலநிரலை அதே நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. வெளியிட்டால் வானம் இடிந்துவிழாது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் 36 ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது அருங்காட்சியகப் பொருள், கருவி அல்ல.

பழுதுபார்க்கும் உரிமைக்கு மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. திருகாணிக்கும் உதிரிபாகத்துக்கும் கேட்கும் அந்த உரிமையை மென்பொருளுக்கும் நீட்டவேண்டும். வரி வாங்கும் அரசு, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று நிர்ப்பந்திக்காத நிரல்களைத் தரவேண்டும். இவற்றைக் கேட்க முதலில், ‘அப்டேட் பண்ணவா, அப்புறமாவா?’ என்று திரை கேட்கும் கேள்வியில் ‘யாருக்காக?’ என்ற மூன்றாவது பதில் விடுபட்டிருப்பதை நாம் பார்த்தாக வேண்டும்.