வாழையால் வளர்ந்த நாடு: ஹோண்டுராஸ்

தோட்டப்புறத்தில் நம் வீட்டுக் கொல்லையில் நாலு வாழையாவது நிற்காமல் இராது. அது எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தென்கிழக்காசியாவும் அதனை அடுத்த நியூகினித் தீவுமே வாழையின் தாயகமாகும். நாம் பால் வெட்டும் ரப்பர் மரமோ தென் அமெரிக்கக் காட்டைச் சேர்ந்தது. அங்கிருந்து வந்த மரம் நம் முன்னோரைத் தோட்டத் தொழிலாளர்களாக்கியது. இங்கிருந்து பல நாடுகளைக் கடந்து சென்ற வாழை, மத்திய அமெரிக்க மக்களைத் தோட்டத் தொழிலாளர்களாக்கியது. அவர்களுடைய நாடுகளுள் ஒன்றான ஹோண்டுராஸைப் பற்றி இங்குக் காண்போம்.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியே மத்திய அமெரிக்கா. அதில் அமைந்துள்ள ஹோண்டுராஸின் பரப்பு 112,492 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவைக் காட்டிலும் சற்றுச் சிறியது எனலாம். மேற்கே குவாத்தமாலா, தென்மேற்கே எல் சல்வடோர், தென்கிழக்கே நிக்கராகுவா ஆகியவை அண்டை நாடுகள். வடக்கே கரிபியன் கடல் நெடுங்கரையாக விரிந்திருக்கிறது. தெற்கே பசிபிக் பெருங்கடலின் பக்கம் ஒரு சிறு வளைகுடாவின் கரை மட்டுமே உண்டு. நாட்டின் பெரும்பகுதி மலையாகும். செர்ரோ லாஸ் மினாஸ் என்னும் சிகரம் 2,870 மீட்டர் உயரமுடையது. நம்முடைய குனோங் தஹான் 2,187 மீட்டர்தான். ஆனால் வடகரையை ஒட்டிய தாழ்நிலத்தில் வெப்பமும் மழையும் ஏறத்தாழ நம் நாட்டைப் போன்றவை. அங்கே ஊலுவா ஆறு கொணர்ந்து படியவிட்ட வண்டல் மண்ணில்தான் வாழைத் தோட்டங்கள் எழுந்தன.

பழங்காலத்தில் இந்நாட்டின் மேற்கு எல்லையில் மாயா இனத்தாரின் கோப்பான் நகரம் சிறப்புற்றிருந்தது. அங்குள்ள கற்படிக்கட்டு ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துச் சின்னங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மன்னர்களின் வரலாறே படிகளாக அமைந்துள்ளது. 1502ஆம் ஆண்டில் கொலம்பஸ் தமது நான்காம் பயணத்தில் இக்கரையை அடைந்தார். பின்னர் வந்த ஸ்பானியரை 1530களில் லெம்பீரா என்னும் பழங்குடித் தலைவர் எதிர்த்துப் போரிட்டு மாண்டார். இன்று அந்நாட்டு நாணயத்தின் பெயரே லெம்பீரா. 1821இல் ஸ்பானிய ஆட்சி நீங்கியது. 1838இல் ஹோண்டுராஸ் தனிநாடாயிற்று.

தனிநாடான பிறகும் அதன் விதி பிறர் கையில்தான் இருந்தது. 1899இல் வக்காரோ சகோதரர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வாழைப்பழம் ஏற்றுமதி செய்யத் தொடங்கினர். அவர்களுடைய நிறுவனமே பிற்காலத்தில் ஸ்டாண்டர்டு புரூட் கம்பெனி ஆயிற்று. அடுத்து வந்த சாம் செமுரே என்பவர் அரசாங்கத்திடம் வரிச்சலுகை கிடைக்காது என்று கண்டதும், பதவியிழந்திருந்த மனுவேல் போனில்லாவுக்குக் கப்பலும் ஆயுதமும் கொடுத்து 1911இல் கிளர்ச்சியை மூட்டிவிட்டார். போனில்லா மீண்டும் அதிபரானார். செமுரேக்கு நிலமும் சலுகைகளும் கிடைத்தன. பழம் விற்பவர் ஓர் அரசாங்கத்தையே மாற்றியமைத்தார்! ஹோண்டுராஸில் சில காலம் தலைமறைவாக இருந்த அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி, 1904இல் வெளிவந்த தமது நூலில், 'வாழைக் குடியரசு' என்ற தொடரை முதன்முதலில் ஆண்டார். அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது. அதை வேடிக்கையாகச் சொல்பவர்கள் அதற்குள் இருக்கும் வேதனையை நினைப்பதில்லை.

செமுரேயின் நிறுவனத்தை 1929இல் யுனைடெட் புரூட் கம்பெனி வாங்கிக்கொண்டது. எட்டுக் கைகளாலும் பற்றிக்கொள்ளும் ஆக்டோபஸ் என்று மக்கள் அக்கம்பெனிக்குப் பெயர் வைத்திருந்தனர். நிலம், இரயில், துறைமுகம், கப்பல் யாவும் அதன் வசம் இருந்தன. இரயில் பாதை போட்டுத் தருவதாகச் சொல்லித்தான் கம்பெனிகள் நிலத்தைப் பெற்றன. பாதைகளும் போடப்பட்டன; ஆனால் அவை தோட்டத்திலிருந்து துறைமுகத்திற்கே சென்றன. தலைநகரான தெகுசிகால்பாவுக்கு இரயில் வந்து சேரவே இல்லை.

தொழிலாளர் வாழ்க்கை நமக்குப் புதிதன்று. கால்களின் மேல் நிற்கும் நீண்ட பலகை வீடு. அதில் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். நம்மவர் லயம் என்பதை அவர்கள் பராக்கோன் என்றனர். சாமான் வாங்கக் கம்பெனிக் கடை இருந்தது. ஆரம்ப காலத்தில் கூலியில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் கடைச்சீட்டாகவே தந்தனர். தாரை ஒருவர் நீண்ட கழியில் பொருத்திய கத்தியால் வெட்டிச் சாய்க்க, மற்றொருவர் தோளில் ஏந்திச் செல்வார். 1930களில் இலைப்புள்ளி நோய் பரவியபோது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை நாள்தோறும் தெளித்தனர். தெளித்தவர்களின் உடையும் உடலும் நீலப்பச்சை நிறமாயின. 1960களிலும் 1970களிலும் புழுக்கொல்லியாகப் பயன்பட்ட ஒரு மருந்து, மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் ஆண்கள் பலரை மகப்பேறு அற்றவர்களாக்கியது. மருந்தடிக்கும் வேலையில் உள்ள நம் பெண்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

இனி 1954ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அந்நாட்டில் அப்போது தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு இல்லை. விடுமுறை நாளில் கப்பலில் வாழை ஏற்றிய துறைமுகத் தொழிலாளர்கள் இரட்டைச் சம்பளம் கேட்டனர், கம்பெனி மறுத்தது. மே மாதத் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் துறைமுகத்திலிருந்து இரயில் பாதை வழியே தோட்டந்தோட்டமாகப் பரவியது. யுனைடெட் புரூட் கம்பெனியின் தொழிலாளர்கள் ஏறத்தாழ 25,000 பேர் வேலையை நிறுத்தினர். ஸ்டாண்டர்டு புரூட் தொழிலாளர்களும், சுரங்கத்திலும் ஆலைகளிலும் வேலை செய்தவர்களும் பின்னர்ச் சேர்ந்துகொண்டனர். சம்பளம் இல்லாத அந்நாட்களில் சுற்றுப்புறக் குடியானவர்கள் சோளமும் பயறும் தந்தனர். பெண்கள் பொது அடுப்பு மூட்டி எல்லாருக்கும் சமைத்தனர். அந்த அடுப்புகள் அணைந்திருந்தால் வேலைநிறுத்தமும் முறிந்திருக்கும் என்பதே நம் கருத்து.

69 நாட்களுக்குப் பிறகு ஜூலை 9ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. கூலி உயர்வு கேட்டதைவிட மிகக் குறைவே. ஆயினும் சங்கம் ஏற்கப்பட்டது. அதுவே பெரிய வெற்றி. 1959இல் அதிபர் ராமோன் வில்லேடா மொராலெஸ் ஆட்சியில் முழுமையான தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் இதே 1954ஆம் ஆண்டில்தான் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் அதன் பயனை அனுபவிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பெருவெள்ளம் தோட்டங்களை அழித்தது. அதைக் காட்டிக் கம்பெனி பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. கம்பெனிகளின் கையும் எளிதில் சுருங்கிவிடவில்லை. 1974இல் வாழை ஏற்றுமதி நாடுகள் ஒன்றுகூடிப் பெட்டிக்கு வரி விதிக்க முயன்றன. அவ்வரியைக் குறைப்பதற்காக யுனைடெட் புரூட்டின் வாரிசான கம்பெனி 12 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் இலஞ்சம் கொடுத்தது 1975இல் வெளிப்பட்டது. அதிபர் லோப்பெஸ் அரெல்லானோ பதவியிழந்தார்.

அரசியல் இவ்வாறிருக்க, மண்ணுக்குள்ளிருந்து வந்த பகையையும் சொல்லவேண்டும். அக்காலத்தில் பயிரிட்ட வாழை குரோ மிஷெல் என்னும் வகை. நாம் பீசாங் எம்பூன் என்று வாங்கித் தின்கிறோமே, அதுதான் அது. ஒரே தாயின் கன்றுகளை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டதால், பனாமா வாடல் நோய் ஒன்றைப் பற்றியதும் எல்லாவற்றையும் பற்றியது. 1960களில் நோயைத் தாங்கும் கேவண்டிஷ் வகைக்குக் கம்பெனிகள் மாறின. இதன் தோல் எளிதில் கன்றிவிடும். ஆகவே தாராக ஏற்றாமல், சீப்புகளாகப் பிரித்துக் கழுவி, 18 கிலோ பெட்டிகளில் அடுக்க வேண்டியதாயிற்று. அவ்வேலைக்குப் பெண்கள் வந்தனர்.

இந்நாட்டின் பண்பாட்டைச் சிலவரிகளில் அடக்க இயலாது. பெரும்பாலோர் ஸ்பானியரும் பழங்குடியினரும் கலந்த மரபினர். ஸ்பானிய மொழி பேசுவர். கோதுமை மாவில் சப்பாத்தி போலச் சுட்டு, உள்ளே மசித்த பயறு வைத்து மடித்த பலேயாடா அவர்களுடைய காலை உணவு. வடகரையில் வாழும் கரிபூனா மக்கள் ஆப்பிரிக்கரும் கரிப் இனத்தாரும் கலந்தவர்கள். அவர்களுடைய முன்னோரை ஆங்கிலேயர் 1797இல் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து நாடுகடத்தி ரோவாத்தான் தீவில் இறக்கிவிட்டனர். தங்கள் மொழியையும் முரசொலி மிக்க நடனத்தையும் அவர்கள் விடவில்லை. 2001இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, நீண்ட கூடைப்பின்னலில் இட்டு நச்சுச்சாற்றைப் பிழிந்து, ரொட்டியாகச் சுடுவது அவர்கள் வழக்கம். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர்பிழைத்த நம் பெரியவர்களுக்கு அதன் அருமை புரிந்திருக்கும்.

இன்று வாழை அங்கே முதலிடத்தில் இல்லை. 1974இல் பிபி சூறாவளியும், 1998இல் மிட்ச் சூறாவளியும், 2020 நவம்பரில் இரு வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்த ஏட்டாவும் அயோட்டாவும் சூலாப் பள்ளத்தாக்கை நீரில் ஆழ்த்தின. மலைச்சரிவில் சிறு விவசாயிகள் வளர்க்கும் காப்பி முன்னுக்கு வந்துள்ளது. அகுவான் பள்ளத்தாக்கில் செம்பனை பரவியுள்ளது. அங்கு நிலத்திற்காக நடந்த மோதல்களில் குடியானவர் பலர் உயிரிழந்துள்ளனர். அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் அனுப்பும் பணம், நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

வாடல் நோயும் வேறு வடிவில் திரும்பியுள்ளது. கேவண்டிஷ் வாழையையே கொல்லும் அதன் புதுவகை, 1990களில் நம் மலேசியத் தோட்டங்களையும் தாக்கியது. 2019இல் கொலம்பியாவில் காணப்பட்டது. காலணியில் ஒட்டிய மண் வழியாகவே அது பரவிவிடும். ஆதலால் இலத்தீன் அமெரிக்க வாழைத் தோட்டங்களில், வாயிலில் வைத்துள்ள மருந்து நீரில் காலணியை நனைத்த பின்பே எவரையும் உள்ளே விடுகின்றனர்.